பல்கலைக்கழக விளையாட்டுத் துறையை வழிநடத்தி வளர்ப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

புதிய இயக்குநரை முதல் நாள் கோப்பை அலமாரிக்குத்தான் அழைத்துப் போவார்கள். போய்ப் பாருங்கள், அதில் பலருடைய உழைப்பு இருக்கிறது. பார்த்து முடித்ததும் சாமான் அறைச் சாவியைக் கேட்டு வாங்குங்கள். துறையின் உண்மையான கணக்கு அங்கேதான் இருக்கும். ஒரு அணியின் பந்துகள் உறை பிரிக்காமல் அடுக்கியிருக்கும். இன்னொரு அணியின் ஜெர்சி போன வருட வியர்வையோடு சாக்கில் கிடக்கும். காற்றடிக்கும் பம்பு இருக்கும், அதன் ஊசி இருக்காது. முதலுதவிப் பெட்டியைத் திறந்தால் காலாவதியான ஸ்பிரேயும் காய்ந்துபோன பிளாஸ்திரியும் கிடக்கும். எந்த விளையாட்டுக்கு இங்கே குரல் இருக்கிறது, எதற்கு இல்லை என்பதை அரை மணி நேரத்தில் அந்த அறை சொல்லிவிடும்.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே ஒரு அளவுகோலைத்தான் வைத்திருக்கிறேன். பத்திரிகையில் படம் வராத, கேலரியில் கூட்டம் இல்லாத ஒரு விளையாட்டை ஆடும் மாணவி ஒருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். அவளுக்குச் சொன்னதைத் துறை செய்கிறதா? அவளுக்குச் செய்ய முடிந்த துறையால் நட்சத்திர வீரருக்கும் செய்ய முடியும். தலைகீழாக அது நடந்து நான் பார்த்ததில்லை.

படி 1: முதல் 90 நாள் நடந்து பாருங்கள்

ஒவ்வொரு பயிற்சியாளரையும் அவருடைய மைதானத்தில், பயிற்சி நேரத்தில் சந்தியுங்கள். உங்கள் அறைக்கு வரச்சொன்னால் அவர் அறிக்கையோடு வருவார். மைதானத்தில் பார்த்தால் மாணவர்கள் அவரிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்பது தெரியும், அடிபட்டு ஓரமாக உட்கார்ந்திருப்பவரை அவர் திரும்பிப் பார்க்கிறாரா என்பதும் தெரியும்.

அடுத்து, துறைக்கு வெளியே இருந்துகொண்டு துறையை இயங்க வைப்பவர்கள். மைதானப் பணியாளர், விடுதிக் காப்பாளர், பேருந்து ஓட்டுநர், தேர்வுப் பிரிவு அலுவலர், கணக்குப் பிரிவில் உங்கள் பில்லைப் பார்ப்பவர். விடியற்காலையில் தவறாமல் வருவது யார், யாருடைய பயணப்படி மூன்று மாதமாக நிலுவையில் இருக்கிறது என்பதெல்லாம் இவர்களுக்குத் தெரியும். துணைவேந்தருக்குத் தெரியாது.

கேட்டதை எழுதி வையுங்கள். ஒரு விளையாட்டுக்கு ஒரு பக்கம் போதும். வீரர் எண்ணிக்கை, வாரப் பயிற்சி நேரம், பயிற்சியாளர் நிரந்தரமா தற்காலிகமா, போன ஆண்டுச் செலவு, போன ஆண்டுக் காயங்கள். கடைசியாக ஒரு கட்டம்: சீசன் நடுவில் அணியை விட்டு விலகியவர்கள் எத்தனை பேர்? வெற்றி தோல்விப் பட்டியல் சொல்லாததை இந்தக் கட்டம் சொல்லும். ஒரே ஆண்டில் ஆறு பேர் விலகிய அணி கோப்பை வென்றிருந்தாலும் அங்கே விசாரிக்க வேண்டிய ஏதோ ஒன்று இருக்கிறது.

இந்த 90 நாளில் பெரிய மாற்றம் எதையும் அறிவிக்காதீர்கள். ஒரே விதிவிலக்கு, அடுத்த படி. அது ஒரு நாள்கூடத் தள்ளிப்போகக் கூடாது.

படி 2: உயிர்க்காப்பு ஏற்பாடுகள்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை இன்று ஆளும் என்சிஏஏ என்ற அமைப்பு ஏன் பிறந்தது என்பதை ஒவ்வொரு இயக்குநரும் நினைவில் வைக்க வேண்டும். 1905 சீசனில் அமெரிக்கக் கால்பந்தாட்டத்தில் பல இளைஞர்கள் இறந்தார்கள். அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் கல்லூரிப் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். அடுத்த ஆண்டே அந்தச் சங்கம் உருவானது. விதிகளும் நிர்வாகமும் வந்ததே மைதானத்தில் மாணவர்கள் சாகக்கூடாது என்பதற்காகத்தான்.

நூறு ஆண்டுக்கு மேல் ஆகியும் அந்த வேலை முடிந்துவிடவில்லை. 2018 மே மாதம் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் ஓட்டப் பயிற்சியின்போது 19 வயது வீரர் ஒருவர் வெப்பத்தாக்குக்கு, அதாவது ஹீட் ஸ்ட்ரோக்குக்கு ஆளாகி இரண்டு வாரத்தில் உயிரிழந்தார். குளிர்ந்த நீரில் அமிழ்த்தும் சிகிச்சை மைதானத்தில் அவருக்குத் தரப்படவில்லை. சட்டப்படியும் தார்மீகமாகவும் பொறுப்பு தங்களுடையதே என்று பல்கலைக்கழகத் தலைவர் பின்னர் வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார்.

இந்தச் சிகிச்சைக்குப் பெரிய செலவே கிடையாது என்பதுதான் மனதை அறுக்கிறது. ஒரு ஆள் கழுத்தளவு படுக்கக்கூடிய தொட்டி, தண்ணீர், ஐஸ், கலக்கிவிட ஒரு ஆள். வெயில் நாளில் பயிற்சி தொடங்கும் முன்பே தொட்டியை நிரப்பி நிழலில் வைக்க வேண்டும். ஒருவர் தள்ளாடினாலோ, குழறிப் பேசினாலோ, சம்பந்தமில்லாமல் கோபப்பட்டாலோ பயிற்சி அந்த நொடியே நிற்க வேண்டும். உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருந்து, நினைவும் தடுமாறினால் அவசர உதவிக்குப் போன் போகட்டும், கூடவே ஆளும் தொட்டிக்குள் போகட்டும். முதலில் குளிர்விப்பது, பிறகு ஆம்புலன்ஸில் ஏற்றுவது என்ற வரிசை மாறக்கூடாது. விழுந்து அரை மணி நேரத்துக்குள் உடலைக் குளிர்வித்துவிட்டால் கிட்டத்தட்ட எல்லோரையும் காப்பாற்றிவிடலாம். விடுமுறை முடிந்து வருபவர்களை முதல் நாளே முழு வேகத்தில் ஓடவிடாதீர்கள். வெயிலுக்கு உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும்.

அடுத்தது இதயம். திடீரென்று இதயம் நின்றவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்கத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. அந்த மின்னதிர்ச்சியைக் கொடுக்கும் ஏஇடி கருவியை வாங்கிவிட்டோம் என்று திருப்திப்பட்டுக்கொள்ளும் துறைகளைப் பார்த்திருக்கிறேன். ஒரு முறை ஸ்டாப்வாட்சைக் கையில் வைத்துக்கொண்டு ஒத்திகை நடத்தினோம். மைதானத்தின் கோடியில் ஒருவர் விழுந்ததாகக் கணக்கு. மாணவர் ஒருவர் அலுவலகத்துக்கு ஓடினார். கருவி அங்கேதான் இருந்தது, கண்ணாடி அலமாரிக்குள் பளபளவென்று. மணி ஐந்தரை. அலுவலகம் பூட்டியாகிவிட்டது. சாவி வைத்திருந்தவர் பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தார். கருவி மைதானத்துக்கு வந்தபோது ஒன்பது நிமிடம் கடந்திருந்தது. மறுநாள் காலையிலேயே அதை ஓடுதளத்தின் பக்கத்துச் சுவரில், பூட்டில்லாத பெட்டியில் மாட்டினோம். எந்தக் கோடியிலிருந்தும் மூன்று நிமிடத்துக்குள் கருவி வந்து சேர வேண்டும். நீங்களும் நடந்து அளந்து பாருங்கள். ஆம்புலன்ஸ் எந்த வாசல் வழியாக வரும், அந்த வாசலின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் எழுதி ஒவ்வொரு மைதானத்திலும் ஒட்டுங்கள்.

தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி இருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே அவர் அன்று மறுபடி ஆடக்கூடாது. எப்போது திரும்பலாம் என்பதை மருத்துவர் சொல்வார், பயிற்சியாளர் சொல்லக்கூடாது. இதைக் காகிதத்தில் எழுதினால் மட்டும் போதாது. பிசியோவும் மருத்துவரும் பயிற்சியாளருக்குக் கீழே வேலை பார்க்காதபடி துறையின் அமைப்பையே மாற்ற வேண்டும். "இவன் ஆடக்கூடாது" என்று சொல்வதால் வேலை போய்விடுமோ என்று பயப்படும் பிசியோவால் யாரையும் காப்பாற்ற முடியாது.

அதே நேரம் மருத்துவர்மீதும் கண்காணிப்பு இருக்க வேண்டும். மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு மருத்துவர் ஒருவர் பல ஆண்டுகளாகச் செய்த பாலியல் கொடுமைகளுக்காக, பாதிக்கப்பட்டவர்களுக்கு 50 கோடி டாலர் இழப்பீடு தர அந்தப் பல்கலைக்கழகம் 2018இல் ஒப்புக்கொண்டது. 1990களின் இறுதியிலேயே சொன்னோம், யாரும் காதில் வாங்கவில்லை என்று அந்தப் பெண்கள் சொன்னதைப் படித்தால் தூக்கம் வராது. புகார் தெரிவிக்கும் வழி துறைக்கு வெளியே இருக்க வேண்டும். உங்களைப் பற்றியே புகார் சொல்ல வேண்டுமென்றாலும் ஒரு மாணவிக்குப் போக ஓர் இடம் இருக்க வேண்டும். அந்த எண்ணை உடைமாற்றும் அறையின் கதவுக்கு உட்புறம் ஒட்டுங்கள். சிகிச்சை அறையில் மூன்றாவது ஆள் ஒருவர் இருக்க வேண்டும் என்பதை விதியாக்குங்கள்.

படி 3: எத்தனை விளையாட்டைத் தாங்க முடியும்?

புதிய விளையாட்டைச் சேர்ப்பது கைதட்டல் வாங்கித் தரும். எடுப்பது ஊரையே பகைக்க வைக்கும். 36 விளையாட்டுகளை நடத்திவந்த ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம், அவற்றில் 11ஐ நிறுத்தப்போவதாக 2020 ஜூலையில் அறிவித்தது. பணக்காரப் பல்கலைக்கழகம், ஆண்டு தவறாமல் அமெரிக்காவின் சிறந்த விளையாட்டுத் துறைப் பட்டியலில் முன்னணியில் நிற்கும் இடம். அங்கேயே அந்த நிலை. முன்னாள் மாணவர்கள் திரண்டார்கள், வழக்குகள் வந்தன, 2021 மே மாதம் முடிவு திரும்பப் பெறப்பட்டது. பர்மிங்ஹாமில் உள்ள அலபாமா பல்கலைக்கழகம் 2014 டிசம்பரில் அமெரிக்கக் கால்பந்தாட்டத்தை நிறுத்தி, 2015 ஜூனில் மனம் மாறியது. ஆனாலும் அணி மறுபடி களமிறங்க 2017 ஆகிவிட்டது. நிறுத்துவதற்கு ஒரு கையெழுத்து போதும், திரும்பக் கட்ட மூன்று ஆண்டு ஆகும்.

அதனால் சேர்க்கும்போதே நிதானம் வேண்டும். என்னிடம் ஒரு புதிய விளையாட்டைக் கொண்டு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, அதைக் கிளப்பாக மாணவர்களே இரண்டு ஆண்டு நடத்தியிருக்கிறார்களா என்பதைத்தான். நடத்தியிருந்தால் அங்கே உயிர் இருக்கிறது. அடுத்து ஐந்தாண்டுச் செலவு, பயிற்சி நேரத்துக்கு மைதானத்தில் இடம், எட்டும் தூரத்தில் எதிரணிகள். எதிரணி இல்லாத விளையாட்டு பயணச் செலவிலேயே செத்துப்போகும்.

இருக்கும் விளையாட்டுகளை அடுக்கு பிரிக்கலாமா என்று பலர் தயங்குகிறார்கள். பிரியுங்கள், ஆனால் ஒளிவுமறைவில்லாமல். ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு வாக்குறுதித் தாள் எழுதுங்கள். முதல் அடுக்குக்கு முழுநேரப் பயிற்சியாளர், உதவித்தொகை, தேசியப் போட்டிப் பயணம். இரண்டாவதற்குப் பகுதிநேரப் பயிற்சியாளர், மண்டல அளவுப் பயணம். கிளப் விளையாட்டுகளுக்கு மைதான நேரம், அடிப்படைச் சாமான், காப்பீடு. மருத்துவ உதவியும் பாதுகாப்பும் மட்டும் எல்லா அடுக்குக்கும் ஒன்றே. தாளில் நீங்கள் கையெழுத்துப் போட்டு அணித்தலைவரிடம் கொடுங்கள். குறைவாகக் கிடைப்பதை மாணவர்கள் தாங்கிக்கொள்வார்கள். தருவதாகச் சொல்லிவிட்டுத் தராமல் போனால்தான் மனம் விட்டுப்போகும்.

ஓர் அடுக்கிலிருந்து இன்னொன்றுக்குப் போக என்ன செய்ய வேண்டும் என்பதும் அந்தத் தாளிலேயே இருக்கட்டும்.

படி 4: படிப்போடு சண்டை போடாத கால அட்டவணை

பெரும்பாலான தகராறுகள் நாள்காட்டியில்தான் தொடங்குகின்றன. போட்டி அட்டவணை வந்த பிறகு தேர்வுத் தேதியைப் பார்க்காதீர்கள். கல்வி நாள்காட்டி வந்த அன்றே டீன்களைப் பார்த்து, பயணத்தால் தவறும் வகுப்புக்கும் உள்தேர்வுக்கும் என்ன மாற்று என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். சீசன் நடுவில் ஒவ்வொரு மாணவனும் தனித்தனியாகப் பேராசிரியர் வாசலில் நின்று கெஞ்சும் நிலை வரக்கூடாது.

பயிற்சி நேரத்துக்கும் உச்சவரம்பு வையுங்கள். என்சிஏஏ விதிப்படி சீசனில் வாரம் 20 மணி நேரம், ஒரு நாளைக்கு 4 மணி நேரம், வாரத்தில் ஒரு நாள் கட்டாய ஓய்வு. அங்கேயும் இதை ஏய்ப்பவர்கள் உண்டு, "விருப்பப் பயிற்சி" என்ற பெயரில். அதனால் மணிக்கணக்கைப் பயிற்சியாளர் எழுதட்டும், அணித்தலைவர் தனியாகச் சரிபார்க்கட்டும்.

வளைந்து கொடுக்கலாம், பொய் சொல்லக்கூடாது. வட கரோலினா பல்கலைக்கழகத்தின் சேப்பல் ஹில் வளாகத்தில் 1993 முதல் 2011 வரை, வகுப்பே நடக்காமல் ஒரு கட்டுரையை மட்டும் வாங்கிக்கொண்டு மதிப்பெண் போட்ட பாடங்கள் நடந்தன. 3,100க்கும் அதிகமான மாணவர்கள் அதில் சேர்ந்திருந்தார்கள், ஏறத்தாழ பாதிப் பேர் விளையாட்டு வீரர்கள் என்று 2014இல் வந்த விசாரணை அறிக்கை சொன்னது. அந்த மாணவர்களுக்கு உதவுவதாக நினைத்துத்தான் அது தொடங்கியது. கடைசியில் அவர்கள் கையில் பட்டம் இருந்தது, அதற்குரிய படிப்பு இல்லை.

இதற்கு நேர் எதிரான உதாரணம் டென்னசி பல்கலைக்கழகத்தின் பெண்கள் கூடைப்பந்துப் பயிற்சியாளர் பேட் சம்மிட். வகுப்பில் முதல் மூன்று வரிசையில்தான் உட்கார வேண்டும் என்பது அவருடைய அணியின் விதி. 1,098 வெற்றி, 8 தேசியப் பட்டம். அதோடு, அவரிடம் முழுக் காலமும் ஆடி முடித்த வீராங்கனைகள் எல்லோரும் பட்டம் பெற்றார்கள். இரண்டையும் ஒரே ஆளால் செய்ய முடிந்திருக்கிறது.

கண்காணிக்க எளிய வழி ஒன்று உண்டு. அமெரிக்காவில் கல்வி முன்னேற்ற விகிதம் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பருவத்திலும் ஒரு வீரர் கல்வித் தகுதியோடு இருந்தால் ஒரு புள்ளி, பல்கலைக்கழகத்திலேயே தொடர்ந்தால் ஒரு புள்ளி. அணியின் மொத்தப் புள்ளியை விகிதமாக்கினால் எங்கே ஓட்டை என்பது உடனே தெரியும். இதற்கு மென்பொருள் எதுவும் வேண்டாம், ஒரு எக்செல் தாள் போதும்.

படி 5: பயிற்சியாளரைத் தேர்ந்தெடுப்பது, காத்திருப்பது

அமெரிக்காவின் யுசிஎல்ஏ பல்கலைக்கழகக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஜான் வுடன் சீசனின் முதல் பயிற்சியில் காலுறை போடுவது எப்படி என்று கற்றுக்கொடுப்பார். நாட்டின் தலைசிறந்த வீரர்கள் தரையில் உட்கார்ந்து காலுறையை இழுத்து, குதிகாலிலும் சுண்டுவிரல் பக்கமும் சுருக்கம் இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்ப்பார்கள். சுருக்கம் இருந்தால் கொப்புளம் வரும், கொப்புளம் வந்தால் பயிற்சி போகும். அவ்வளவுதான் காரணம். 1948இல் சேர்ந்த அவருக்கு முதல் தேசியப் பட்டம் கிடைத்தது 16ஆவது சீசனில், 1964இல். அதையும் சேர்த்து 12 ஆண்டில் 10 பட்டம்.

எல்லோருக்கும் 16 ஆண்டு கொடுங்கள் என்று சொல்லவில்லை. பட்டம் வராத காலத்திலும் ஒரு பயிற்சியாளர் சரியாகத்தான் போகிறாரா என்று பார்க்க உங்களிடம் வேறு அளவு இருக்க வேண்டும் என்கிறேன். நான் பார்ப்பவை: வீரர்கள் தங்கள் சொந்தப் பழைய நேரத்தையும் தூரத்தையும் தாண்டுகிறார்களா, அணியிலேயே நிலைக்கிறார்களா, காயம் கூடுகிறதா குறைகிறதா, படிப்பு எப்படிப் போகிறது. கோப்பையை ஐந்தாவதாக வைத்திருக்கிறேன். இந்த நான்கும் நன்றாக இருந்து கோப்பை மட்டும் வரவில்லையென்றால் காத்திருங்கள். கோப்பை வந்துகொண்டே இருந்து இந்த நான்கும் சரிந்தால் அன்றே கூப்பிட்டுப் பேசுங்கள்.

நேர்காணலை மட்டும் நம்பி யாரையும் எடுக்காதீர்கள். நாற்பது நிமிடம் ஒரு பயிற்சியை நடத்தச் சொல்லுங்கள், கூட்டத்தில் மிகப் பலவீனமான மாணவரை அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். திறமையான பையனோடு எல்லோரும் நன்றாகத்தான் பழகுவார்கள். அவர் கொடுக்கும் சிபாரிசுப் பட்டியலைத் தாண்டி, அவரிடம் ஆடிப் பாதியில் விலகியவர்களையும் தேடிப் பேசுங்கள்.

சேர்ந்தபின் அவருக்கு நீங்கள் கடமைப்பட்டவர். பகுதிநேரப் பயிற்சியாளரின் சம்பளம் தேதி தவறக்கூடாது. 1974இல், 22 வயதில், சம்மிட் பொறுப்பேற்றபோது அணியின் வேனை ஓட்டியதும் அவர்தான், ஜெர்சி துவைத்ததும் அவர்தான். அந்த அர்ப்பணிப்பை வணங்குகிறேன். ஆனால் ஒரு பயிற்சியாளரை அந்த நிலையில் வைத்திருப்பது எந்தத் துறைக்கும் பெருமை ஆகாது.

படி 6: பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் சம இடம்

1972 ஜூன் 23 அன்று கையெழுத்தான அமெரிக்கக் கல்விச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவில் விளையாட்டு என்ற சொல்லே கிடையாது. அரசு நிதி பெறும் கல்வித் திட்டத்தில் பால் அடிப்படையில் யாரையும் ஒதுக்கக்கூடாது, அவ்வளவுதான் அதன் சாரம். அந்த ஒரு வாக்கியம் மைதானத்தைத் தலைகீழாகப் புரட்டிப்போட்டது. அப்போது ஏறத்தாழ 30,000 பெண்கள்தான் அங்கே கல்லூரி அணிகளில் ஆடினார்கள். இன்று 2 லட்சத்துக்கும் மேல். பெண்களுக்கு ஆர்வமில்லை என்று அதுவரை சொல்லப்பட்டதெல்லாம் வாய்ப்பில்லாமையின் இன்னொரு பெயர்.

உங்கள் சட்டம் எதுவாக இருந்தாலும் இந்தச் சோதனையைச் செய்யலாம். ஒரே விளையாட்டின் ஆண், பெண் அணிகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். பயிற்சி நேரம் யாருக்கு வசதி? வெளியூரில் ஓர் அறைக்கு எத்தனை பேர்? புதிய ஜெர்சி எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை? பயிற்சியாளரின் சம்பளம் என்ன? உடைமாற்றும் அறைக்குக் கதவும் தாழ்ப்பாளும் இருக்கிறதா? இந்தக் கடைசிக் கேள்வியை ஆண் இயக்குநர்கள் கேட்க மறந்துவிடுகிறார்கள். அந்தத் தாழ்ப்பாளுக்காகவே விளையாட்டை விட்ட பெண்கள் இருக்கிறார்கள்.

பார்க்க ஆள் வரமாட்டார்கள் என்ற வாதத்துக்கும் பதில் கிடைத்துவிட்டது. 2023 ஆகஸ்ட் 30 அன்று நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் தன் பெண்கள் வாலிபால் ஆட்டத்தைக் கால்பந்து அரங்கில் நடத்தியது. வந்தவர்கள் 92,003 பேர். ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் மோதும் படகுப் போட்டி 1829இல் தொடங்கியது. பெண்கள் அதே நாளில், அதே தேம்ஸ் நீர்ப்பாதையில் துடுப்புப் போட 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மாற்றுத்திறனாளிகளுக்கான அணியை எதிர்காலத் திட்டம் என்று தள்ளிவைக்காதீர்கள். இல்லினாய் பல்கலைக்கழகம் 1940களின் இறுதியிலேயே சக்கர நாற்காலிக் கூடைப்பந்து அணியைத் தொடங்கிவிட்டது. சாய்தளமும் ஒரு பயிற்சியாளரும் இருந்தால் முதல் அடி வைத்துவிடலாம்.

படி 7: பணம்

முதலில் ஒரு மாயையைக் கலைக்க வேண்டும். தொலைக்காட்சிப் பணம் கொட்டும் அமெரிக்காவிலேயே, தன் வருமானத்தில் தானே நிற்கும் பல்கலைக்கழக விளையாட்டுத் துறைகள் மிகச் சில. மற்றவை பல்கலைக்கழக நிதியிலும் மாணவர் கட்டணத்திலும்தான் ஓடுகின்றன. அங்கே செலவு இன்னும் ஏறுகிறது. 2021 ஜூலை முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்றானது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்படிக்கைப்படி, பல்கலைக்கழகமே வீரர்களோடு வருமானத்தைப் பகிரலாம். முதல் ஆண்டுக்கு ஒரு பல்கலைக்கழகத்துக்கான உச்சவரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். வீரருக்கு உரியது வீரருக்குப் போவது நியாயமே. ஆனால் அந்தப் போட்டியைப் பார்த்து, அந்த வருமானம் இல்லாத துறைகளும் அதே வேகத்தில் ஓட நினைப்பது ஆபத்து. துணைவேந்தரிடம் "லாபம் தருவேன்" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். நூலகத்தை எப்படிப் பார்க்கிறாரோ அப்படித் துறையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பட்ஜெட்டை நான் மூன்று பெட்டியாகப் போடுவேன். முதல் பெட்டியில் பாதுகாப்பு, சம்பளம், காப்பீடு, வாக்குறுதித் தாளில் எழுதிய பயணங்கள். இது முழுக்க உறுதியான பல்கலைக்கழக நிதியிலிருந்துதான் வர வேண்டும். இரண்டாவதில் சாமான், ஜெர்சி, முகாம்கள். இதற்கு ஸ்பான்சரும் கட்டணமும் உதவலாம். மூன்றாவதில் ஆசைகள், அதாவது புதிய தரை, விளக்குகள், ஸ்கோர்போர்டு. நன்கொடை வந்தால் மட்டும் இவை. ஒருமுறை வரும் பணத்தை வைத்து மாதாமாதம் வரும் செலவைத் தொடங்கக்கூடாது என்பதே இந்தப் பிரிவினையின் உயிர்நாடி. ஒரு நன்கொடையாளர் இரண்டு ஆண்டுக்குப் பயிற்சியாளர் சம்பளம் தருகிறேன் என்றால், மூன்றாம் ஆண்டு யார் தருவது என்று அவர் முன்னாலேயே கேளுங்கள்.

மின்விளக்குக் கோபுரம் இலவசமாக வந்தாலும் மின்கட்டணம் இலவசம் இல்லை. எந்த நன்கொடைக்கும் பராமரிப்புக்கென்று ஒரு பங்கு சேர்த்தே கேளுங்கள்.

முன்னாள் வீரர்களிடம் பொதுவாக "துறைக்கு உதவுங்கள்" என்று கடிதம் போட்டால் பதில் வராது. உயரம் தாண்டியவரிடம் உயரம் தாண்டுபவர்களின் மெத்தைக்குக் கேளுங்கள். எவ்வளவு, எப்போது வாங்குவோம், யார் பயன்படுத்துவார்கள் என்று சொல்லுங்கள். ஆறு மாதத்துக்குள் அந்த மெத்தையில் விழுந்து எழுந்த ஒரு மாணவியின் கையெழுத்தில் நன்றிக் கடிதம் போகட்டும். சிறு தொகை கொடுத்தவர் அடுத்த ஆண்டு தானாகவே கூப்பிடுவார்.

இரண்டு இடங்களில் மட்டும் உறுதியாக மறுத்துவிடுங்கள். அணித் தேர்விலும் பயிற்சியாளர் நியமனத்திலும் நன்கொடையாளருக்குக் குரல் இல்லை என்பதை எழுத்தில் வையுங்கள். பந்தய நிறுவனங்களின் பணத்தைத் தொடாதீர்கள். அமெரிக்காவில் அப்படி ஒப்பந்தம் போட்ட பல்கலைக்கழகங்கள் எழுந்த எதிர்ப்பால் 2023இல் அவற்றிலிருந்து வெளியேறின. பந்தயத்தில் தோற்றவர்கள் கடைசியில் உங்கள் மாணவனின் போனுக்குத்தான் மிரட்டல் அனுப்புவார்கள்.

படி 8: மைதானமும் கூட்டமும்

மைதானத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. புதிதாகக் கட்டுவதற்கு முன் இருப்பதன் நேரத்தை எண்ணுங்கள். பெரும்பாலான மைதானங்கள் மாலை நான்கு முதல் ஏழு வரை நெரிந்து, மற்ற நேரம் வெறிச்சோடிக் கிடக்கும். நேர ஒதுக்கீட்டைப் பலகையில் எல்லோரும் பார்க்கும்படி எழுதினாலே பாதிச் சண்டை ஓயும். அணியில் இல்லாத மாணவர்களுக்கும் தினம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கட்டணம் கட்டுவது அவர்களும்தான்.

கூட்டம் சேர்க்க விளம்பரத்தைவிடத் தொடர்ச்சிதான் பெரிது. ஜப்பானில் ஹகோனே எகிடென் என்ற பல்கலைக்கழகத் தொடர் ஓட்டம் 1920இல் தொடங்கியது. ஜனவரி 2, 3 தேதிகளில் டோக்கியோவிலிருந்து ஹகோனே மலைக்கு ஓடித் திரும்புவார்கள், அணிக்கு 10 பேர், 200 கிலோமீட்டருக்கு மேல். தோளில் குறுக்காகப் போட்ட துணிப்பட்டையை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு ஓட்டக்காரர் சாலையிலேயே சாய்ந்துவிடுவார். நாடே தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருக்கும். ஒரே தேதி, ஒரே பாதை, அதே துணிப்பட்டை. உங்கள் துறைக்கும் ஆண்டுக்கு ஒரு நாள், எந்தக் காரணத்துக்காகவும் மாறாத ஒரு நாள் வேண்டும். பத்து ஆண்டு விடாமல் நடத்தினால் முன்னாள் மாணவர்கள் அதற்கென்றே விடுப்பு எடுத்து வருவார்கள்.

படி 9: விடைபெறுபவர்களிடம் கேளுங்கள்

ஆண்டு முடிவில், பட்டம் முடித்து வெளியேறும் வீரர் வீராங்கனைகள் ஒவ்வொருவரோடும் இருபது நிமிடம் உட்காருங்கள். பயிற்சியாளர் அங்கே இருக்கக்கூடாது. பாதியில் விலகியவர்களையும் கூப்பிடுங்கள், அவர்கள் வர யோசித்தால் நீங்கள் போய்ப் பாருங்கள். வாக்குறுதித் தாளை மேசைமேல் வைத்து வரிவரியாகக் கேளுங்கள்: இது கிடைத்ததா, இது? வலி இருந்தும் ஆடச் சொன்னார்களா? சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டது ஏதாவது உண்டா?

கடைசிக் கேள்விக்குப் பிறகு பேசாமல் இருங்கள். முதலில் "ஒன்றுமில்லை சார்", "ஒன்றுமில்லை மேடம்" என்றுதான் வரும். தாளை மடித்து, பையை எடுத்து, எழுந்து நின்று, கதவுப் பிடியில் கை வைத்த பிறகுதான் பலர் உண்மையைச் சொல்வார்கள். அந்த நேரத்தில் அடுத்தவரைக் கூப்பிட்டுவிடாதீர்கள். மறுபடி உட்காரச் சொல்லுங்கள். அவர் சொன்னதில் யாருக்காவது ஆபத்து இருந்தால் அன்றே உரிய இடத்துக்குப் போக வேண்டும். மற்றதைப் பெயர் போடாமல் எழுதிக் கோப்பில் வையுங்கள். அடுத்த பட்ஜெட்டின் முதல் வரியை எழுதும் முன் அந்தக் கோப்பை எடுத்துப் படியுங்கள்.